பை உழைக்கணும் சார்!

சைக்கிளில் வேலைக்குப் போகிறவனைக் கவிழ்ப்பதற்கு இந்த நாட்டில் பல ஏற்பாடுகள் உண்டு. மூடி இல்லாத சாக்கடைக் குழி, ஓரமாக நெருக்கித் தள்ளும் பஸ், திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறக்கிற கார்க்காரர். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஆசாமி ஒருவர் இருக்கிறார். அவரை நாமே காசு கொடுத்து வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறோம். அவர் பெயர் பை.

சிரிக்காதீர்கள். ஒரே ஒரு தோளில் தொங்குகிற ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு ஒரு நாள் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். முன்னால் குனிந்து நாலு மிதி மிதித்ததும், முதுகில் இருந்த பை மெதுவாக நகர்ந்து இடுப்புக்கு வரும். பிறகு வயிற்றுக்கு வரும். பிறகு முழங்காலில் இடிக்கும். வலது பக்கம் திரும்புவதற்காகப் பின்னால் எட்டிப் பார்க்கிற அந்த ஒரு விநாடியில், ஐந்து கிலோவும் ஊஞ்சல் மாதிரி ஒரு பக்கமாக ஆடும். ஹேண்டில்பார் கூடவே ஆடும். பின்னால் தண்ணீர் லாரி வந்துகொண்டிருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு விஷயம் சொன்னது. விவசாயம், வீட்டுத் தொழில் இரண்டையும் தவிர்த்து மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களில், நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிளில் போனார்கள். ஆள் கணக்கில் இரண்டரைக் கோடிக்கும் மேல். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டரில் போனவர்களும் அன்றைக்குக் கிட்டத்தட்ட அதே அளவுதான். இத்தனை பெரிய கூட்டத்துக்கு, 'இது சைக்கிளில் போகிறவருக்கான பை' என்று சொல்லி ஒரு பையை எந்தக் கடையிலாவது எடுத்துக் காட்டியிருக்கிறார்களா? காலேஜ் பை உண்டு, லேப்டாப் பை உண்டு, ஜிம் பை உண்டு. சைக்கிள்காரருக்கு மட்டும் கிடையாது. வேண்டுமானால் ஒரு பிராண்டு ஷோரூமில், நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்கு, 'மெசஞ்சர் பேக்' என்று மாட்டி வைத்திருப்பார்கள். அதை வாங்குகிறவர்களில் பலர் காரில் போகிறவர்கள்!

கடைக்காரரைக் கேட்டால் என்ன சொல்வார்? "நல்லா உழைக்கும் சார்."

தமிழில் எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தைகளில் இது ஒன்று. நம் ஊரில் ஒரு பொருள் நீடித்து நிற்பதில்லை, உழைக்கிறது. செருப்பு உழைக்கும், குடை உழைக்கும், பை உழைக்கும். மனிதனுக்குச் சொல்கிற அதே வார்த்தையைப் பொருளுக்கும் கொடுத்த மொழி. ஆனால் அந்த வார்த்தையை இன்றைக்குச் சொல்கிறவருக்கு, அந்தப் பையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எந்தத் துணி, எந்த நூல், பட்டையை எங்கே பிடித்துத் தைத்திருக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள். "ஃபாரின் மெட்டீரியல் சார்" என்பார். அதற்கு மேல் கேட்டால், 'இவன் வாங்க வந்தவன் இல்லை' என்று அடுத்த கஸ்டமரைக் கவனிக்கப் போய்விடுவார்.

சரி, இந்த 'மெசஞ்சர் பேக்' என்ற சமாசாரம் எங்கிருந்து வந்தது? அதன் ஜாதகத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்.

1950களில் நியூயார்க்கில் டி மார்டினி என்பவரின் குளோப் கேன்வாஸ் என்ற கம்பெனி, கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன்களுக்காகக் கான்வாஸ் துணியில் ஒரு தோள்பை தைத்தது. கம்பத்தின் உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பையிலிருந்து கருவியை எடுக்க வேண்டும். அதற்குத் தோதான பை. பிற்பாடு அந்த நகரத்தில் ஆபீஸுக்கு ஆபீஸ் சைக்கிளில் தபாலும் தஸ்தாவேஜும் கொண்டுபோன ஆட்கள் அதைத் தங்கள் பையாக்கிக்கொண்டார்கள். மெசஞ்சர் என்ற பெயர் அவர்களால் வந்தது.

1989-ல் சான் பிரான்சிஸ்கோவில் ராப் ஹனிகட் என்ற சைக்கிள் மெசஞ்சர், தானே மெஷினில் உட்கார்ந்து பை தைக்க ஆரம்பித்தார். அதுதான் பின்னால் டிம்பக்2 என்று உலகம் பூராவும் போன கம்பெனி. 1993-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்தில் மார்கஸ், டேனியல் ஃப்ரைடாக் என்று இரண்டு சகோதரர்கள். மழையில் நனையாத பை ஒன்று சைக்கிளில் போக வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள்? லாரியின் பழைய தார்ப்பாயை வெட்டினார்கள். விளிம்புக்குப் பழைய சைக்கிள் டியூப். தோள்பட்டைக்குப் பழைய காரின் சீட் பெல்ட். நம் ஊர் காயலான் கடையில் கிடைக்கிற மூன்று சாமான். அந்தக் கம்பெனியின் பை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பிடித்துவிட்டது.

கவனித்தீர்களா? கம்பத்தில் ஏறியவனுக்காகத் தைத்தது, மெசஞ்சர் தானே தைத்தது, மழையில் சைக்கிள் ஓட்டியவர்கள் வெட்டி ஒட்டியது. உருப்படியான பை எல்லாம் சுமக்கிறவனிடமிருந்து பிறந்திருக்கிறது. நமக்கு விற்கப்படுகிற பை எங்கே பிறக்கிறது? விளம்பர மீட்டிங்கில். லோகோ எங்கே வரணும், ஜிப் எந்தக் கலரில் இருக்கணும், எம்.ஆர்.பி.யை எவ்வளவு ஏற்றிப் போட்டு எத்தனை சதவீதம் தள்ளுபடி காட்டணும் என்று பேசி முடித்த பிறகு, மிச்சம் இருக்கிற காசில் துணி வாங்குகிறார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, நமக்கு இந்தப் பை புதிதே இல்லை. காக்கி கான்வாஸ் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாக வந்த தபால்காரரை ஞாபகம் இருக்கிறதா? மெசஞ்சர் பேக் என்றால் அதுதானே ஐயா! நம் தபால்காரர் தோளில் இருந்தவரை அதற்குப் பெயர் சாக்குப்பைக்கு அண்ணன். ஷோரூமுக்கு வந்ததும் அது 'அர்பன் லைஃப்ஸ்டைல்'.

சரி, கடைக்குப் போகிறீர்கள். என்ன பார்க்க வேண்டும்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

லோகோவை விட்டுவிட்டு முதலில் பட்டையைப் பாருங்கள். பெரும்பாலான பை கிழிவதில்லை, பிரிகிறது. பட்டை பையோடு சேருகிற இடத்தில் பிரிகிறது. பக்கவாட்டுத் தையலுக்குள் ஒரு இஞ்ச் பட்டையைச் செருகி ஓர் ஓட்டு ஓட்டியிருந்தால், அந்தப் பை பத்து மாசம்தான். பட்டை பையின் உடம்போடு நீளமாக ஓடி, கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருந்தால் அது வேறு ஜாதி. அடுத்து, பட்டையைப் பையோடு இணைக்கிற சுழல் கொக்கி. பளபளவென்று இருக்கும், கையில் கனமாகவும் இருக்கும். பெரும்பாலும் வார்ப்பில் ஊற்றிய மட்டமான உலோகம். ஒரு நாள் ஸ்பீடு பிரேக்கரில் 'டக்'. கொக்கியே இல்லாமல் நேராகத் தைத்த பட்டை எவ்வளவோ மேல்.

சைக்கிள்காரருக்கு இன்னொன்று கட்டாயம். பை முன்னால் சரியாமல் பிடித்துக்கொள்ள, அக்குளுக்குக் கீழே குறுக்காக வருகிற இரண்டாவது சின்னப் பட்டை. இரண்டாவது பாராவில் சொன்ன ஊஞ்சலை நிறுத்துவது அதுதான். அது இல்லாத பையை எந்தப் பெயரில் விற்றாலும், அது நடந்து போகிறவருக்கான பை.

அடுத்தது துணி. லேபிளில் 600டி, 1000டி என்று போட்டிருப்பார்கள். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். 1000 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை. அவ்வளவுதான் ரகசியம். நம்பர் கூடினால் நூல் தடிமன் கூடும். ஆனால் நம்பர் மட்டும் போதாது. ஒரே டெனியரில் நைலான், பாலியெஸ்டரைவிட உரசலை நன்றாகத் தாங்கும். வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் நைலானைவிடக் கெட்டி. நெசவு நெருக்கமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேபிளில் டெனியரே போடவில்லை என்றால், சொல்வதற்குக் கூச்சப்படுகிறார்கள் என்று அர்த்தம்.

பையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும். பெரும்பாலும் பாலியூரித்தேன். தண்ணீரைத் தடுக்கிறது அதுதான். இதற்கு எமன் யார் தெரியுமா? சூடும் ஈரக்காற்றும். இரண்டும் சேர்ந்தால் அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். டிபன் பாக்ஸின் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி ஊரில் வருஷம் பூராவும் சூடும் ஈரமும்தான். இந்த ஊரில் விற்கிறவருக்கு இது தெரிய வேண்டாமா? குளிர் நாட்டுக்குச் செய்த பூச்சைக் கடற்கரை ஊரில் விற்றுவிட்டு, 'நீங்க சரியா மெயின்டெய்ன் பண்ணல' என்றால் எப்படி? நம் ஊருக்கு, உள்ளே தனியாகத் தார்ப்பாய்த் துணியில் லைனிங் வைத்த பை நல்லது. அதுவும் இல்லையா, தடித்த கான்வாஸ் பை. மழை நாளில் உள்ளே ஒரு நல்ல பாலிதீன் உறை. அழகாக இருக்காது. லேப்டாப் பிழைத்துவிடும்.

இன்னொரு மோசடி 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'. தமிழில் சொன்னால், தூறலுக்குத் தாங்கும். வாட்டர் ப்ரூஃப் வேறு, இது வேறு. துணி தண்ணீரைத் தடுத்தாலும், தையல் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாசல். ஜிப் மெயின் கேட். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊரில் பெய்வது தூறலா? மூடி பக்கவாட்டிலும் இறங்கி மூடுகிறதா, உள்தையல்களின் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜிப் எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆயுள். இருக்கிற ஜிப்பும், ரன்னர் போனால் மாற்றக்கூடிய சாதாரண ஜிப்பாக இருக்கட்டும்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், ஊரறிந்த கம்பெனி. இரண்டு வருஷ வாரண்டி அட்டையோடு வந்த பை. பதினாலாவது மாசம் பட்டை பக்கத் தையலோடு பிய்ந்துகொண்டு வந்தது. சர்வீஸ் சென்டரில் இருந்த இளைஞர் புன்னகை மாறாமல் சொன்னார்: "ஸ்ட்ராப் வாரண்டில கவர் ஆகாது சார். ஓவர் லோடு பண்ணியிருப்பீங்க." உள்ளே இருந்தது ஒரு லேப்டாப், ஒரு டிபன் பாக்ஸ். பையின் மேல் அவர்களே தைத்திருந்த லேபிளில் இருந்த வார்த்தை: 'லேப்டாப் பேக்'.

அதே தெருமுனையில் செருப்புத் தைக்கிற பெரியவர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னார்: "உள்ள பிடிமானமே விடல தம்பி. ரெண்டு இஞ்ச் சேத்து விட்டுத் தச்சிருந்தா பிரிஞ்சிருக்காது." அறுபது ரூபாய். மூன்று வருஷமாக அவர் தைத்த பக்கம் அசையவில்லை. கம்பெனி தைத்த இன்னொரு பக்கம் இப்போது ஆட ஆரம்பித்திருக்கிறது.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது கம்பெனியின் டிசைனருக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். இரண்டு இஞ்ச் பட்டை கூடுதலாக விட்டால் ஒரு பைக்குச் சில ரூபாய் செலவு. லட்சம் பைக்குச் சில லட்சம். பிரியாத பையை வைத்திருக்கிறவர் அடுத்த பை வாங்க வரவும் மாட்டார். இரண்டு பக்கமும் நஷ்டம். நானும் பி.காம் படித்தவன்தான். இந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. புரிவதால்தான் கோபம் வருகிறது.

இப்போது நம் பக்கத்துக் கணக்கைப் போடுவோம். ஒரு உதாரணத்துக்கு, 700 ரூபாய் பை சுமார் 200 வேலை நாள் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்றரை ரூபாய். 4,000 ரூபாய் பை, வருஷத்துக்கு 250 நாள் வீதம் எட்டு வருஷம் வருகிறது என்றால் 2,000 நாள். ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய். அதே 2,000 நாளுக்கு மலிவுப் பை பத்து வாங்க வேண்டும். 7,000 ரூபாய். மலிவு மூவாயிரம் ரூபாய் அதிகமாகிவிட்டது!

இதைச் சொன்னதும் சில புத்திசாலிகள், 'அப்படியானால் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே' என்பார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த நாலாயிரத்தை ஒரே மாசத்தில் எடுத்து வைக்க யாரால் முடியும்? காரில் போகிறவரால் முடியும். சைக்கிளில் போகிற செக்யூரிட்டியால், ஓட்டல் தொழிலாளியால், சின்னக் கம்பெனி அக்கவுண்ட் அசிஸ்டென்டால் முடியாது. கையில் காசு குறைவாக இருக்கிறவன் ஒவ்வொரு நாளும் ஒன்றரை ரூபாய் கூடக் கொடுக்கிறான். இதற்கு வட்டி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டு வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பையன்களைப் பாருங்கள். அவர்களிலும் சைக்கிளில் வருகிறவர்கள் உண்டு. இன்றைய மெசஞ்சர்கள் அவர்கள்தான். முதுகில் பெட்டி மாதிரி ஒரு பை. அதில் கம்பெனியின் பெயர் பெரிசாக இருக்கும். அந்தப் பைக்கான காசு பையனின் கணக்கில் கழிக்கப்படுவதும் நடக்கிறது. விளம்பரப் பலகையைச் சுமப்பதற்குச் சுமக்கிறவனே காசு கட்டுகிற அதிசயம்!

அரசாங்கம் என்ன செய்கிறது? 2022 டிசம்பரில் மத்திய அரசு, 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் என்று நாலு துறை. நல்ல காரியம். பையும் செருப்பும் குடையும் அதில் இல்லை. ஆனால் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறைபாடுள்ள பொருளுக்கு இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 'ஒரு பைக்காகவா கேஸ் போடுவது?' என்று நாம் நினைப்போம் என்பதை நம்பித்தான் அந்தச் சர்வீஸ் சென்டர் இளைஞரின் புன்னகை நிற்கிறது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். நூறு பேர் கேட்டால் புன்னகை கொஞ்சம் குறையும்.

நாலாயிரம் இல்லாதவருக்கு வழி இல்லையா? இருக்கிறது. பை ரிப்பேர் செய்கிற, பை தைக்கிற கடை நம் ஊர்களில் இன்னும் சாகவில்லை. ஜீன்ஸ் தைக்கிற கனமான மெஷின் வைத்திருப்பவராகப் பாருங்கள். தடித்த கான்வாஸோ, தார்ப்பாய்த் துணியோ நீங்களே வாங்கிக் கொடுங்கள். சொல்ல வேண்டியது நாலே விஷயம்: இரண்டு இஞ்ச் அகலப் பட்டை, அது அடிவரைக்கும் ஓடட்டும், குறுக்கே இன்னொரு சின்னப் பட்டை, பருத்தி நூல் வேண்டாம், நைலான் நூல், பக்கவாட்டிலும் இறங்குகிற மூடி. பிராண்டு பையின் விலையில் பாதிகூடப் பெரும்பாலும் ஆகாது. பிரிந்தால் அவரிடமே போகலாம். 'கவர் ஆகாது' என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். எவ்வளவு நல்ல பையானாலும் ஒரு தோளுக்கு நாலைந்து கிலோதான் மரியாதை. அதற்கு மேலோ, தூரம் அதிகமோ என்றால், பாரத்தைச் சுமக்க வேண்டியது கேரியர். ஆனால் ஷோரூமில் இருபதாயிரம் ரூபாய் சைக்கிளைப் பாருங்கள். பலதில் கேரியரும் இல்லை, மட்கார்டும் இல்லை. 'ஸ்டைலா இருக்காது சார்.' தமிழ்நாட்டு அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லா சைக்கிளில்கூடக் கேரியர் இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்குப் புத்தகப் பை இருக்கும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு டிபன் பாக்ஸ் இருக்கும் என்று சைக்கிள் கம்பெனிக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவை யாராவது "நல்லா உழைக்கும் சார்" என்றால், உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். பையைத் திறந்து உள்பக்கமாகத் திருப்புங்கள். பட்டையைப் பிடித்து நாலு இழு இழுங்கள். தையலை எண்ணுங்கள். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீங்கள் ஏற்கெனவே உழைத்துத்தான் அந்தக் காசைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மிச்ச உழைப்பைப் பைதான் செய்யணும்.